ஏலத் தொகையை வைத்து ஆட்டக்காரரை எடை போடலாமா?

ஹாக்கி ஆட்டக்காரர்களையும் ஏலம் போட்டு எடுக்கும் காலம் வந்துவிட்டது. 2017-உடன் நின்று போயிருந்த ஹாக்கி இந்தியா லீக் போட்டி மீண்டும் உயிர் பெற்றபோது, அதற்காக 2024 அக்டோபரில் டெல்லியில் பெரிய ஏலம் நடந்தது. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சம் ரூபாய்க்குப் பஞ்சாப் அணி எடுத்தது. முன்வரிசை ஆட்டக்காரர் அபிஷேக்கை 72 லட்சத்துக்கு வங்காள அணி எடுத்தது.

அந்தப் போட்டியில் தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கி ஆடிய அணி தமிழ்நாடு டிராகன்ஸ். அதன் முன்வரிசைக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அரியலூர் வாலிபர் கார்த்தி செல்வம்.

தாராவியானாலும் சரி, கோலிவாடாவானாலும் சரி, நம்மவர்கள் நாலு பேர் கூடி இந்தப் பேச்சை எடுத்தால் முதல் கேள்வி, "பையன் எத்தனை லட்சத்துக்குப் போனான்?" என்பதுதான். அடுத்த கேள்வி, "எத்தனை கோல் போட்டான்?"

இந்த இரண்டு கேள்விகளும் இயல்பானவைதான். ஆனால் இளம் முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரை எடை போட இவை இரண்டும் போதாது. ஏன் போதாது, வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கார்த்தியின் கணக்கைக் கொண்டே பார்க்கலாம்.

ஏலத் தொகை எதைச் சொல்கிறது?

2024 ஏலத்தில் ஒவ்வொரு அணியின் கைப்பணமும் 4 கோடி ரூபாயாக இருந்தது. அதற்குள் 24 பேரை எடுத்தாக வேண்டியிருந்தது. அதில் 8 பேர் வெளிநாட்டவர். 16 பேர் இந்தியர். அவர்களில் 4 பேர் கட்டாயமாக ஜூனியர்கள். ஆட்டக்காரர்களின் ஆரம்ப விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று தரமாக இருந்தது.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கும். முதலில் பெயர் வாசிக்கப்படுகிறவர்களுக்குப் பணம் கொட்டப்படும். பெட்டி காலியாகக் காலியாக, பின்னால் வருகிறவர் எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் விலை ஏறாது. இரண்டு அணிகளுக்கு ஒரே இடத்தில் ஆள் தேவைப்பட்டால் விலை ஏறும். ஒரே அணிக்குத் தேவைப்பட்டால் ஆரம்ப விலையிலேயே முடிந்துவிடும். ஆகவே ஏலத் தொகை என்பது அந்த நாளில், அந்த நேரத்தில், அந்த அணிக்கு இருந்த அவசரத்தின் அளவு. ஆட்டக்காரரின் திறமைக்கு அதில் பங்கு உண்டு. முழுப் பங்கு கிடையாது.

சில சமயம் விலையும் திறமையும் ஒத்துப் போவதும் உண்டு. பஞ்சாப் வாலிபர் அராய்ஜீத் சிங் ஹுண்டால் அந்த ஏலத்தில் 42 லட்சத்துக்குப் போனார். இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 4-ஆம் தேதி மஸ்கட்டில் நடந்த ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை இந்தியா 5-3 என்று வென்றது. ஐந்து கோல்களில் நான்கு அவருடையவை. கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஜூனியர் ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர், பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு கோலுக்கு வியர்வை சிந்த வேண்டியிருக்கும். அந்தப் படியைத் தாண்டுவதுதான் கடினம். கார்த்தியின் கதையும் அந்தப் படியில் நிற்கும் கதைதான்.

அரியலூரிலிருந்து ஜகார்த்தா

அரியலூர் என்றால் சிமெண்ட் ஆலை ஞாபகத்துக்கு வரும். ஹாக்கி ஞாபகத்துக்கு வராது. தமிழ்நாட்டில் ஹாக்கி ஊர் என்றால் கோவில்பட்டிதான். அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர் கார்த்தி. கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும் அங்கே உருவானவர். இருவரும் முன்வரிசை ஆட்டக்காரர்கள். 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டிக்கான இந்திய அணியில் இருவரும் சேர்ந்தே இடம் பெற்றார்கள்.

முதல் ஆட்டமே பாகிஸ்தானுடன். எந்த வாலிபருக்கும் கை நடுங்கும் ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் கார்த்தி கோல் போட்டார். கடைசி நிமிடங்களில் பாகிஸ்தான் சமன் செய்ததால் ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அதன் பிறகு இந்தோனேஷியாவைக் குறைந்தது 15 கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் அடுத்த சுற்று என்ற நிலை வந்தது. இந்தியா 16-0 என்று வென்றது. கோல் போட்டவர்களில் கார்த்தியும் ஒருவர். புதுமுகங்கள் நிறைந்த அந்த அணி வெண்கலப் பதக்கத்துடன் ஊர் திரும்பியது.

2023 மார்ச் மாதம் ரூர்கேலாவில் புரோ லீக் ஆட்டங்கள். மார்ச் 12-ல் ஆஸ்திரேலியாவை இந்தியா 5-4 என்று வென்றது. கார்த்தி ஒரு கோல். மறுநாள் உலகச் சாம்பியன் ஜெர்மனியை 6-3 என்று வென்றது. கார்த்தி இரண்டு கோல். அடுத்தடுத்த இரண்டு நாட்களில், உலகின் முதல் வரிசை அணிகள் இரண்டுக்கு எதிராக மூன்று கோல்!

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் மலேசியாவை இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்தில் முதல் கோல் கார்த்தியுடையது. சொந்த மாநில ஜனங்கள் முன்னால் போட்ட கோல். கோப்பையும் இந்தியாவுக்கே கிடைத்தது.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குப் போன அணியில் கார்த்தி இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை.

பதினாறு நாற்காலி

"கோல் போட்ட பையனை ஏன் விட்டார்கள்?" என்று கோபப்படுவது சுலபம். கணக்கைப் பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும்.

ஒலிம்பிக் ஹாக்கிக்கு ஒரு நாடு 16 பேரைத்தான் பிரதான அணியில் சேர்க்க முடியும். பாரிஸுக்குப் போன இந்திய அணியில் முன்வரிசைக்கு ஒதுக்கிய இடம் ஐந்து. அபிஷேக், சுக்ஜீத் சிங், லலித் உபாத்யாய், மன்தீப் சிங், குர்ஜந்த் சிங் ஆகியோர் அந்த ஐந்து பேர். லலித், மன்தீப், குர்ஜந்த் மூவரும் 2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை வென்ற காலத்தையும் அதை ஒட்டிய காலத்தையும் சேர்ந்தவர்கள். டோக்கியோ வெண்கலத்தையும் பார்த்தவர்கள். பெரிய போட்டியில் பயிற்சியாளர் பழகிய கையை நம்புவது ஹாக்கியில் மட்டும் நடப்பதல்ல. எந்த ஆபீசிலும் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாளில் புது ஆளிடம் லெட்ஜரைக் கொடுக்க மாட்டார்கள்.

புதியவர் உள்ளே வர வேண்டுமானால், இருப்பவரைப் போல ஆடினால் போதாது. இருப்பவரிடம் இல்லாத ஒன்றைக் கொண்டு வர வேண்டும். அந்த ஒன்று கோலாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதைத்தான் நம் ரசிகர்கள் கவனிப்பதில்லை.

கோல் கணக்கு சொல்லாத சேதி

பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா எட்டு ஆட்டம் ஆடி 15 கோல் போட்டு வெண்கலம் வென்றது. இந்தப் பதினைந்தில் பத்து கோல் ஹர்மன்பிரீத் சிங் போட்டவை. அவர் பின்காவல் ஆட்டக்காரர்! முன்வரிசையின் ஐந்து பேரும் சேர்ந்து போட்டது நான்கே கோல். அபிஷேக் இரண்டு, மன்தீப் ஒன்று, சுக்ஜீத் ஒன்று.

அப்படியானால் முன்வரிசை தூங்கிவிட்டதா? இல்லை. ஹர்மன்பிரீத்தின் கோல்கள் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. அந்தப் பெனால்டி கார்னரைச் சம்பாதித்துக் கொடுப்பது பெரும்பாலும் முன்வரிசை ஆட்டக்காரர்தான். கோல் வட்டத்துக்குள் பந்தோடு புகுந்து, எதிரியின் காலில் பந்து படும்படி செய்தாலோ, எதிரி தவறாக ஸ்டிக்கைப் போடும்படி செய்தாலோ பெனால்டி கார்னர் கிடைக்கும். மறுநாள் பத்திரிகையில் கோல் போட்டவர் பெயர் வரும். சம்பாதித்தவர் பெயர் வராது.

பெனால்டி கார்னரை நம்பியே அணிகள் ஆடுகின்றன என்பதை லீக் நடத்தியவர்களும் உணர்ந்திருந்தார்கள். 2016-ல் களத்தில் ஓடி ஆடிப் போடும் ஒரு கோலை இரண்டு கோலாகக் கணக்கிடும் விதியைக் கொண்டு வந்தார்கள். முன்வரிசை ஆட்டத்தை ஊக்கப்படுத்தத்தான் அந்த ஏற்பாடு.

எதைக் கவனிக்க வேண்டும்?

அடுத்த முறை கார்த்தியோ, வேறு எந்த இளம் முன்வரிசை ஆட்டக்காரரோ ஆடும்போது டெலிவிஷனில் பந்தை மட்டும் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, பந்தை வாங்கும் விதம். இன்றைய செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு சீறி வரும். முதல் தொடுகையிலேயே பந்து ஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த வேலைக்கு நேரம் கிடைக்கும். ஒரு சாண் தள்ளிப் போனாலும் எதிரி பறித்துவிடுவான். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்ததும் நம் நாடு ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டதை மறக்கக் கூடாது. புல் தரையில் பழகிய கைக்கும் செயற்கைத் தரையில் பழகிய கைக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இரண்டு, பந்து இல்லாதபோது ஓடும் ஓட்டம். 1990-களில் ஹாக்கியில் ஆஃப்சைடு விதியை எடுத்துவிட்டார்கள். அதனால் முன்வரிசை ஆட்டக்காரர் கோல் அருகிலேயே நிற்கலாம். சும்மா நிற்பவனைக் காவல் காப்பது எளிது. ஒரு பக்கம் ஓடுவது போல் போக்குக் காட்டி மறுபக்கம் திரும்பி, கூட்டாளிக்கு வழி திறந்து விடுகிறவனே கெட்டிக்காரன். அவன் தொடாத பந்தும் அவனால் கோலாகும்.

மூன்று, பந்தைப் பறி கொடுத்த பிறகு செய்வது. பழைய நாளில் முன்வரிசை ஆட்டக்காரர் இடுப்பில் கை வைத்து நிற்பார். இப்போது அப்படி நின்றால் மறு நிமிடம் வெளியே உட்கார வேண்டியதுதான். எதிரியின் பின்காவல் பந்தை வெளியே எடுக்கவிடாமல் முன்வரிசைதான் முதலில் மறிக்க வேண்டும்.

நான்கு, மூச்சு. ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதி. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். எனவே முன்வரிசைக்காரர் சில நிமிடம் முழு வேகத்தில் ஓடி, வெளியே வந்து மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போக வேண்டும். முதல் பகுதியில் இருந்த வேகம் கடைசிப் பகுதியிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த நான்கிலும் தேறினால், அவர் பெயர் கோல் பட்டியலில் இல்லாத நாளிலும் அணிக்கு உபயோகமானவர்தான்.

தன்ராஜ் காட்டிய வழி

மும்பைத் தமிழர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை இருக்கிறார். தகப்பனார் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மைதானக் காவலர். பிள்ளைகள் உடைந்த ஸ்டிக்கை ஒட்டி வைத்து ஆடிப் பழகினார்கள். அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆர்.சி.எஃப். அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். தன்ராஜ் அவரிடம் வந்து சேர்ந்து, பிறகு மகிந்திரா அணியில் இடம் பிடித்தார். அன்று ஏலம் ஏது? லட்சம் ஏது? கம்பெனி அணியில் ஓர் இடம் கிடைத்தால் அதுவே பெரிய பேறு.

1989-ல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியவர் 2004 வரை ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில்தான் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் இந்தியாவுக்குத் திரும்பியது.

அந்தத் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவருக்கே அடுத்த தொடரில் அணியில் இடமில்லாமல் போயிற்று! ஆனாலும் திரும்பி வந்தார். சிட்னியும் ஆடினார், ஏதென்ஸும் ஆடினார். பட்டியலில் பெயர் விடுபடுவது ஒரு ஆட்டக்காரரின் முடிவாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

முப்பத்தாறு நாளும் மீதி வருஷமும்

திரும்பி வருவதற்குத் திறமை மட்டும் போதாது. காத்திருக்கும் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

புதுப்பிக்கப்பட்ட லீகின் முதல் ஆண்டுப் போட்டி 2024 டிசம்பர் 28-ல் தொடங்கி 2025 பிப்ரவரி 1-ல் முடிந்தது. மொத்தம் முப்பத்தாறு நாள். வங்காள அணி கோப்பையை வென்றது. தமிழ்நாடு டிராகன்ஸ் நான்காவது இடம். ஏலப் பணம் அந்த முப்பத்தாறு நாளுக்கான வருமானம். அடுத்த வருஷம் முழங்கால் பழுதானால் ஏலத்தில் பெயர் வாசிக்கப்படாமலே போகலாம்.

இங்கேதான் உத்தியோகம் என்ற விஷயம் வருகிறது. நம் நாட்டு ஹாக்கியை இத்தனை வருஷம் தூக்கி நிறுத்தியவை ரயில்வே, ராணுவம், போலீஸ், வங்கிகள், எண்ணெய்க் கம்பெனிகள், விமானக் கம்பெனி ஆகியவற்றின் அணிகள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற அணியின் முன்வரிசையில் மின்னலாக ஓடிய முகமது ஷாகித், வாரணாசியில் ரயில்வே உத்தியோகஸ்தர். தன்ராஜும் பின்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸில் வேலையில் இருந்தார்.

ரயில்வேயில் பேனா பிடிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வரும் பையன்களைப் பார்த்தால், 'கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுகிறான்' என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. அந்தக் கையெழுத்துதான், அணியிலிருந்து விடுபட்ட இரண்டு வருஷத்தில் அவன் ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிடாமல் காப்பாற்றுகிறது. மாதச் சம்பளம் உள்ளவன் மறு அழைப்புக்குக் காத்திருக்கலாம். இல்லாதவன் இருபத்து நாலு வயதில் வேறு பிழைப்புத் தேடிப் போய்விடுவான். எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் அப்படித்தான் காணாமல் போனார்கள்.

ஆகவே பிள்ளையை ஹாக்கிக்கு அனுப்பும் பெற்றோர் ஏலத் தொகையைக் கனவு காண வேண்டாம். படிப்பை விடாமல், ஏதாவது ஓர் இலாகா அணியின் தேர்வுக்குத் தகுதியாகும்படி பார்த்துக்கொள்வதே நல்லது. ஏலம் வந்தால் அது உபரி.

வரவும் பாக்கியும்

இப்போது கார்த்தியின் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்.

வரவுப் பக்கம்: பெரிய எதிரியைக் கண்டு கை நடுங்காத குணம். பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று மூன்று பேருக்கு எதிராகவும் கோல் போட்டிருக்கிறார். இதைப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுக்க முடியாது. கோல் போடும் பரீட்சையில் அவர் தேறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

பாக்கிப் பக்கம்: அணியில் நிலைத்து நிற்பது. ஹாங்சோவும் பாரிஸும் அவர் இல்லாமல் போயின. 2025 செப்டம்பரில் ராஜ்கிரில் இந்தியா வென்ற ஆசியக் கோப்பைக்கு அவர் மாற்று ஆட்டக்காரராக மட்டுமே வைக்கப்பட்டார். அதாவது கதவுக்கு வெளியே போட்ட நாற்காலி. ஆனால் இரண்டு மாதம் கழித்து, நவம்பரில் மலேசியாவின் ஈப்போ நகரில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பைப் போட்டிக்கு அவரை மறுபடி அணியில் சேர்த்தார்கள். அந்த அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. தேர்வாளர்கள் அவரை மறந்துவிடவில்லை என்பதற்கு இது அடையாளம்.

நம் மதிப்பீடு இதுதான். கார்த்தி இனிமேல் கோல் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் ஐந்து பேரில் ஒருவராக ஆகிவிட முடியாது. பெனால்டி கார்னர் சம்பாதிப்பது, எதிரியை முதலில் மறிப்பது, கடைசிப் பகுதியிலும் முழு மூச்சோடு ஓடுவது ஆகிய மூன்றில் அவர் எவ்வளவு வளருகிறார் என்பதே அவரது இடத்தைத் தீர்மானிக்கும். அதற்கு லீக் ஆட்டம் நல்ல பள்ளிக்கூடம். வெளிநாட்டுப் பின்காவலர்களை எதிர்த்து ஒரே மாதத்தில் பல ஆட்டம் ஆடும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்?

ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஆட்டத்தில் கோல் போட்டால் தலையில் தூக்கி வைப்பதும், இரண்டு ஆட்டம் போடாவிட்டால் 'பணத்துக்குப் பிடித்த கேடு' என்று பேசுவதும் வேண்டாம். ஒரு இளம் முன்வரிசை ஆட்டக்காரருக்கு மூன்று பருவமாவது அவகாசம் கொடுங்கள்.

சர்ச்கேட் அருகே மகிந்திரா ஹாக்கி மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு முன்வரிசை ஆட்டக்காரரை மட்டும் பத்து நிமிடம் கவனியுங்கள். எத்தனை முறை ஓடினார், எத்தனை முறை பந்து கிடைக்காமலே திரும்பினார் என்று எண்ணிப் பாருங்கள். லட்சக் கணக்கில் எழுதப்படும் விலை எதற்காக என்பது அப்போது புரியும்.